மாதம் ஒரு ஏற்காடு போதுமா?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வயது 46. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். 'மரம், செடி பக்கம் கொஞ்ச நேரம் இருங்கள்' என்றார் டாக்டர். மாதம் ஒரு ஞாயிறு குடும்பத்தோடு ஏற்காடு போகிறேன். திரும்பும்போது அலுப்புதான் மிச்சம். ஏன்?

பதில்: 20 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டி, படகுக்கு வரிசையில் நின்று, லேடீஸ் சீட் காட்சிமுனையில் படம் பிடித்து, இருட்டுவதற்குள் இறங்கினால் அலுப்பு வராமல் என்ன செய்யும்? அது சுற்றுலா. தப்பில்லை, ஆனால் டாக்டர் சொன்னது வேறு.

இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2019-ல் வெளியானது. வாரத்துக்கு மொத்தம் 120 நிமிடமாவது பசுமையான இடங்களில் இருந்தவர்களில், உடலும் மனமும் நன்றாக இருப்பதாகச் சொன்னவர்கள் அதிகம். ஒரே நாளில் இருந்தாலும் சரி, பிரித்து இருந்தாலும் சரி. (நலமாக இருப்பவர்கள்தான் வெளியே அதிகம் போகிறார்களோ என்ற சந்தேகம் அதில் முழுதாகத் தீரவில்லை. அதனால் 120-ஐ மருந்தளவாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள். பிரஷர் மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.)

உங்களுக்குச் சேலத்திலேயே இருக்கும் மூக்கனேரி போதும். பட்டறை திறக்கும் முன், வாரம் நாலைந்து நாள், அரை மணி நேரம். செல்போன் வண்டியிலேயே இருக்கட்டும். கரையில் உட்கார்ந்ததும் வெள்ளி விலை, கூலி பாக்கி எல்லாம் மனதில் ஓடும். ஓடட்டும், விரட்ட வேண்டாம். ஒரு நீர்க்காகத்தைப் பாருங்கள். முங்கியது எங்கே எழும் என்று கண் தானாகத் தேடும். நாளெல்லாம் கொலுசுக் கண்ணியை உற்றுப் பார்ப்பது மனதைக் கட்டி நிறுத்தும் வேலை. அதில் களைப்பு வரும். பறவை, அலை, இலையசைவு எல்லாம் கேட்காமலே கவனத்தை இழுப்பவை. அந்த நேரத்தில்தான் களைத்த மனம் ஓய்வெடுக்கிறது என்பது உளவியலாளர்கள் தரும் விளக்கம். அப்புறம், மாலையில் போனால் கொசுதான் உங்களைக் கவனிக்கும்.

ஏற்காட்டை விட வேண்டாம். வார நாளில் போங்கள், ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் இருங்கள். மார்ச், ஏப்ரலில் கோடை மழை பெய்து ஒரு வாரம், பத்து நாளில் காப்பி பூக்கும். மல்லிகை போல மணக்கும், சில நாள்தான். சாலையோரம் நின்றே அனுபவிக்கலாம். எஸ்டேட்டுக்குள் கேட்காமல் நுழையாதீர்கள், காட்டெருமையும் உண்டு.