கீமோ வேண்டுமா என்று பார்க்க ஜீன் டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். அவ்வளவு செலவு செய்து எடுக்கலாமா?

அம்மாவுக்கு ஹார்மோன் பாசிட்டிவ், அதாவது ஹார்மோனால் வளரும் மார்பகப் புற்றுநோய், ஆபரேஷன் முடிந்தது, ஆன்கோடைப் டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்குக் கோபி பக்கம். என் அம்மாவுக்கு 58 வயதில் இதே நிலைமை.

'ஜீன்' என்றதுமே அம்மாவுக்கு வேறு பயம். "பரம்பரை வியாதின்னு எழுதிக் குடுத்துட்டா உன்ற தங்கச்சிக்கு எப்படிக் கண்ணு மாப்பிள்ளை அமையும்?" பரம்பரையாக வருமா என்று பார்க்கும் டெஸ்ட் வேறு, பிஆர்சிஏ என்பார்கள், ரத்தத்தில் பார்ப்பது. இது வெட்டியெடுத்த கட்டியில் 21 மரபணுக்களை அளந்து, 0 முதல் 100 வரை ஒரு ஸ்கோர் தரும். ஸ்கோர் ஏற ஏற நோய் திரும்பும் வாய்ப்பும் அதிகம், கீமோவால் கிடைக்கும் பலனும் அதிகம்.

மெழுகில் பதித்த கட்டித் துண்டை, பிளாக் என்பார்கள், ஈரோட்டில் வாங்கிக் கோவை டாக்டரிடம் நானேதான் கொண்டுபோனேன். மே மாத வெயில். உருகிவிடுமோ என்று சாப்பாட்டுப் பைக்குள் தண்ணீர் பாட்டிலோடு வைத்து, அவிநாசி வரை தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். லேபில் சொன்னபோது சிரித்தார்கள். 50 டிகிரி தாண்டினால்தான் அது இளகுமாம். அங்கிருந்து அமெரிக்கா போனது.

அம்மாவுக்கு ஸ்கோர் 17. நெறிகட்டில் பரவவில்லை, ஹெர்2 நெகட்டிவ், அதாவது கட்டியை வேகமாக வளர்க்கும் ஹெர்2 புரதம் அதிகமாக இல்லை. பத்தாயிரம் பெண்களுக்கு மேல் சேர்ந்த டெய்லர்எக்ஸ் ஆய்வு 2018இல் வந்தது. அதில் 11 முதல் 25 வரை ஸ்கோர் இருந்தவர்களில், கீமோ சேர்த்தவர்களுக்கும் ஹார்மோன் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் 50 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு ஸ்கோர் 16 முதலே கீமோ கொஞ்சம் உதவியது. அதனால் உங்கள் அம்மாவின் வயதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பணம் கட்டும் முன் டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: "எத்தனை வந்தால் கீமோ வேண்டாம் என்பீர்கள்?" எது வந்தாலும் கொடுக்கத்தான் போகிறார் என்றால் டெஸ்ட் எதற்கு? ஹெர்2 பாசிட்டிவ், அல்லது ஹார்மோனும் ஹெர்2வும் இரண்டுமே இல்லாத டிரிப்பிள் நெகட்டிவ் என்றால் இது பொருந்தவே பொருந்தாது. நோய் திரும்பும் வாய்ப்பைப் பார்க்கும் இன்னொரு டெஸ்ட், பெங்களூரில் செய்யும் கேன்அசிஸ்ட், செலவு குறைவு, அதையும் விசாரியுங்கள்.

அம்மாவுக்குக் கீமோ கொடுக்கவில்லை, இப்போது லெட்ரோசோல் என்ற ஹார்மோன் மாத்திரையில் இருக்கிறார். காலையில் விரல் மடங்க மாட்டேன் என்கிறது, மற்றபடி தோட்டத்துக்குப் போய் வருகிறார். ஒரு விசேஷத்தில் பெரியம்மா, "கீமோ வெக்காம உட்டுட்டீங்க, காசப் பாத்துட்டீங்களாட்ட இருக்குது" என்றார். அந்த வருடம் மஞ்சள் விற்ற பணம் முழுக்க டெஸ்டுக்குத்தான் போனது என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை.