பாலைத் தவிர்ப்பவர்கள் எடை கூட்டுவது எப்படி? – கேள்வி-பதில்

கேள்வி: பால் குடித்தால் வயிறு உப்பி, வயிற்றுப்போக்கும் ஏற்படுவதால் நிறுத்திவிட்டேன். உயரம் 170 செ.மீ., எடை 50 கிலோ. பால் இல்லாமல் எடை கூட வழியுண்டா?

பதில்: தாராளமாக உண்டு. உங்கள் உடல் நிறைக் குறியீடு (உயரத்துக்கு ஏற்ற எடையா என்பதைக் காட்டும் எண்) 17.3; அது இயல்பான எடையின் கீழ் எல்லையான 18.5-ஐ எட்டுவதற்கே நீங்கள் 53.5 கிலோ இருக்க வேண்டும். உடல் செலவிடுவதைவிட நாளொன்றுக்கு 300 முதல் 500 கலோரி வரை கூடுதலாகச் சாப்பிட்டுவந்தால், பெரும்பாலோருக்கு வாரத்துக்குக் கால் கிலோ முதல் அரைக் கிலோ வரை ஏறும். அதைவிட வேகமாக ஏற்றினால் சேர்வதில் பெரும்பகுதி கொழுப்பாகிவிடும். கொழுப்பு நீக்காத பால் இரண்டு தம்ளரில் சுமார் 300 கலோரி இருக்கிறதென்றால், 50 கிராம் வேர்க்கடலையில் ஏறத்தாழ 280 கலோரியும் 12 கிராம் புரதமும் இருக்கின்றன. எனவே பால் விட்டுச்சென்ற இடத்தை நிரப்புவது கடினமன்று. பசி குறைவாக இருப்பதுதான் பலருக்கும் உண்மையான தடை. அத்தகையோர் தட்டில் அளவைக் கூட்டாமல், வழக்கமாக உண்ணும் பருப்பிலோ காய்கறியிலோ ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சேர்த்துக்கொண்டால் 120 கலோரி கூடுதலாகக் கிடைக்கும். உணவுக்குச் சற்று முன் வயிறு நிறையத் தண்ணீர் குடிப்பதைத் தவிர்த்து, மூன்று வேளை உணவுக்கு இடையே கொட்டைகள், முட்டை, வாழைப்பழம் என இரண்டு சிற்றுண்டிகளை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாலுக்குப் பதிலாகக் கடைகளில் விற்கும் பாதாம் பானம் குடிக்கிறேன். போதுமா?

பதில்: எடை கூட்ட அது உதவாது. இனிப்புச் சேர்க்காத பாதாம் பானம் ஒரு தம்ளரில் பெரும்பாலும் 30 முதல் 40 கலோரியும் 1 கிராம் அளவுக்குப் புரதமுமே இருக்கும். பாதாமையே மென்று தின்பது எவ்வளவோ மேல். சோயா பானத்தில் ஏறத்தாழ 7 கிராம் புரதம் உண்டு. கால்சியம் சேர்க்கப்பட்டதாகப் பார்த்து வாங்குங்கள். அது அடியில் படியும் என்பதால் குலுக்கிக் குடியுங்கள்.

கேள்வி: கால்சியம் குறைந்துவிடாதா?

பதில்: கவனிக்காவிட்டால் குறையும். 19 முதல் 50 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மி.கி. தேவை. முள்ளோடு உண்ணக்கூடிய சிறு மீன்கள், கால்சியம் உப்பால் திரித்த சோயா கட்டி (டோஃபு), எள் ஆகியவை நல்லவை. பசலைக்கீரையில் கால்சியம் மிகுதி என்றாலும், அதிலுள்ள ஆக்சலேட் அதில் பெரும்பகுதியை உடலில் சேரவிடாது. முட்டை, மீன், இறைச்சி எதையும் உண்ணாதவர் பாலையும் விட்டால், வைட்டமின் பி12-ஐ மாத்திரையாகவோ செறிவூட்டிய உணவாகவோ எடுத்துக்கொள்வது கட்டாயமாகிறது.

கேள்வி: உடற்பயிற்சிக்கூடத்தில் வே புரதத்தூள் வாங்கச் சொல்கிறார்கள்.

பதில்: வே என்பது பாலிலிருந்து பிரிக்கப்படும் புரதம். பால் புரத ஒவ்வாமை உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது. பட்டாணி அல்லது சோயா புரதத்தூள் போதும். எடைப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்பது போதுமான இலக்கு, அதைப் பெரும்பாலும் உணவிலேயே எட்டிவிடலாம்.

கேள்வி: எங்கள் குழந்தைக்குப் பசும்பால் ஒவ்வாமை. ஆட்டுப்பால் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். இரண்டின் புரதங்களும் பெரிதும் ஒத்திருப்பதால், பசும்பால் ஒவ்வாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் ஒவ்வாது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மாற்றாகத் தாவரப் பானங்களைத் தருவதும் தவறு. குழந்தைநல மருத்துவரின் வழிகாட்டலில் மட்டுமே மாற்றுணவைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: ஆறு மாதங்களில் 60 கிலோவிலிருந்து 55 கிலோவாகிவிட்டேன். எடை கூட்டும் மாத்திரை எடுக்கலாமா?

பதில்: முயலாமலே 5 விழுக்காட்டுக்கு மேல் எடை குறைந்திருப்பதால், முதலில் மருத்துவரைப் பாருங்கள், தைராய்டு மிகைச் சுரப்பு, நீரிழிவு, காசநோய் போன்றவை காரணமாக இருக்கலாம். பரிந்துரையின்றி விற்கப்படும் எடை கூட்டும் மாத்திரைகள் சிலவற்றில் டெக்சாமெதசோன் போன்ற ஸ்டீராய்டுகள் கலந்திருப்பதுண்டு. அவற்றால் முகம் உப்புவதும் நீர் கோப்பதும் எடை ஏறியது போலத் தோன்றும். உள்ளே தசையும் எலும்பும் நலிந்து, இரத்தச் சர்க்கரை உயரும். ஏற்கெனவே பல வாரங்களாக எடுத்துவருகிறீர்கள் என்றால் திடீரென நிறுத்துவதும் ஆபத்து என்பதால், அந்த மாத்திரை அட்டையையும் மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.