தொடாமல் எழுதிய பி.பி.

வணக்கம் சார். எங்கள் ஊர் பாலக்கோடு பக்கம். கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். நைட் டியூட்டியில் உடன் இருக்கும் அக்கா நோயாளியைத் தொடாமலே பி.பி. எழுதுகிறார். இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொன்னேன். "உன் வேலையைப் பார்" என்றார். போன வாரம் நானும் அப்படியே எழுதினேன். மனசாட்சி உறுத்துகிறது. தியானம் செய்தால் சரியாகுமா? வேலையை விட்டுவிடலாமா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

தியானம் செய்யுங்கள், நன்றாகத் தூக்கம் வரும். அதை அதோடு விடுவோம்.

மனசாட்சி உறுத்துகிறது என்று எனக்கு எழுதுகிறீர்களே, அந்த நோயாளிக்கு மறுநாள் பி.பி. எவ்வளவு என்று பார்த்தீர்களா? கடிதத்தில் அவர் ஆணா பெண்ணா என்றுகூட இல்லை.

சரி, திட்டியாயிற்று. ஆனால் நீங்கள் கெட்டுப்போய்விட்டதாக நினைக்காதீர்கள், அம்மா.

அப்பாவை ஒருமுறை தர்மபுரியில் சேர்த்திருந்தோம். முதலில் மாடி வார்டு. காலையில் சார்ட்டைப் பார்த்தால் இரவு 10, 2, காலை 6 மூன்றுக்கும் 120/80, ஒரே மையில், ஒரே மூச்சில் எழுதியது. அப்பாவுக்கு 140-க்குக் கீழே இறங்கி நான் பார்த்ததில்லை. இரண்டு மணிக்கு விழித்துத்தான் இருந்தேன், யாரும் வரவில்லை.

பிறகு கீழ் வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே ஒரு சின்னப் பெண் அப்பாவின் மாலை ஊசியை மறந்துவிட்டு, தானே போய்ச் சொன்னாள். இன்சார்ஜ் சிஸ்டர் டாக்டருக்குப் போன் போட்டார், எங்களிடம் வந்து சொன்னார், அப்புறம் அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்நேரம் எத்தனை ட்ரிப்ஸ் ஓடுச்சு?" மெமோ இல்லை. அந்த வார்டு சார்ட்டில் 148/92, 156/90 என்று கோணல்மாணலாக எண்கள் இருந்தன. நிஜ எண்கள் அப்படித்தான் இருக்கும். ஒரே நிர்வாகம்தான், நடுவில் ஒரு மாடிப்படி.

சரியானது தெரிந்தும் நிறுவனம் செய்யவிடாதபோது வரும் தவிப்பைப் பற்றி மருத்துவ அறவியல் அறிஞர் ஆண்ட்ரூ ஜேமெட்டன் 1984-லேயே எழுதிவிட்டார். நர்ஸிங் ஆய்வாளர் லிண்டா ஓல்சன் 1998-இல் மருத்துவமனையின் அறச்சூழலை, அதாவது சரியானதைச் செய்ய அங்கே இடமிருக்கிறதா என்பதை, அளக்க 26 வாக்கியங்கள் வகுத்தார். சக நர்ஸ், நோயாளி, மேலாளர், மருத்துவர், நிர்வாகம் இவர்களோடு நர்ஸுக்கு உள்ள உறவைத்தான் அவை விசாரிக்கின்றன. நர்ஸ் நல்லவரா என்பதை அல்ல. நாமோ நர்ஸ் தினமான மே 12 அன்று மேடை போட்டு 'தேவதை' என்போம், 13-ஆம் தேதி மெமோ கொடுப்போம்.

வேலையை விட வேண்டாம். அடுத்த இடத்திலும் ஓர் இன்சார்ஜ் இருப்பார். பார்க்க முடியாத நேரத்துக்கு எதிரே "பார்க்கவில்லை" என்று எழுதுங்கள். எத்தனை படுக்கை, எத்தனை நர்ஸ் என்றும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அந்த அக்காவையும் போடச் சொல்லுங்கள். இரண்டு பேருக்குச் சேர்த்து மெமோ கொடுக்கக் கொஞ்சம் யோசிப்பார்கள்.