கணினிக்குள் படுத்திருக்கும் பெண்

கேள்வி: என் தாயாருக்கு அண்மையில் வயிற்றுப் பகுதியில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரல், இரைப்பை போன்ற உறுப்புகள் ஏற்ற கதிர்வீச்சைத் தனித்தனியே கணக்கிடலாம் என்கிறார்கள். உடலுக்குள் அளவுக்கருவி எதையும் வைக்காமல் இது எப்படி இயலும்? அவருடைய எடை 42 கிலோதான்.

பதில்: உங்கள் தாயாரின் கல்லீரலை யாரும் அளக்கவில்லை, அவருக்குப் பதிலாகக் கணினிக்குள் படுத்திருக்கும் ஒரு பெண்ணின் கல்லீரலில்தான் கணக்குப் போடுகிறார்கள். இத்தகைய உடல்மாதிரிகளை ‘ஃபேண்டம்’ என்பார்கள். 1960களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் சமன்பாடுகளைக் கொண்டு அமைக்கப்பட்ட உடலில் நெஞ்சும் வயிறும் சேர்ந்து ஒரே உருளை, கால்கள் கூம்புகள். பார்க்கக் களிமண் பொம்மைதான், ஆனால் அன்றைய கணினிகள் அதற்குமேல் தாங்கியிருக்காது.

பின்னர், உண்மையான மனிதர்களின் ஸ்கேன் படங்களை அடுக்கி, உடலைப் பல இலட்சம் நுண்பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டியும் எந்த உறுப்பைச் சேர்ந்தது எனக் குறித்தார்கள். பன்னாட்டுக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் 2009இல் வெளியிட்ட மாதிரிகளில் ஆண் 176 செ.மீ. உயரமும் 73 கிலோ எடையும், பெண் 163 செ.மீ. உயரமும் 60 கிலோ எடையும் உடையவர்கள். இவ்வுடலுக்குள் எக்ஸ்ரே ஒளித்துகள்களைக் கோடிக்கணக்கில் ஒவ்வொன்றாகச் செலுத்தி, எது எங்கே சிதறுகிறது, எங்கே ஆற்றலை விடுகிறது என்பதைத் தாயம் உருட்டுவதுபோல நிகழ்தகவின்படி கணினி முடிவுசெய்கிறது. இதுவே மான்டி கார்லோ முறை. ஓர் உறுப்பில் தங்கிய ஆற்றலை அதன் நிறையால் வகுத்தால் கிடைப்பது, அவ்வுறுப்பு ஏற்ற கதிர்வீச்சின் அளவு; அதன் அலகு கிரே.

ஆண் மாதிரியில் ஒவ்வொரு பெட்டியும் 8 மி.மீ. உயரம் என்பதால், தோலிலும் இரைப்பைச் சுவரிலும் உள்ள மெல்லிய உயிரணு அடுக்குகள் அதில் அடங்கவில்லை. இக்குறையைப் போக்க, 2020இல், பெட்டிகளுக்குப் பதிலாக உறுப்புகளின் மேற்பரப்பைச் சிறு முக்கோணங்களால் பின்னிய வலைப்பின்னல் வடிவ மாதிரிகள் வந்தன. பிறந்த குழந்தை முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்கான மாதிரிகளும் அதே ஆண்டில் வெளியாயின.

இனி உங்கள் தாயாருக்கு வருவோம். உறுப்புகளைச் சூழ்ந்துள்ள கொழுப்பும் தசையும் ஒரு திரைபோல் கதிர்களை ஓரளவு தடுக்கின்றன; மெலிந்த உடலில் அத்திரை மெல்லியது. ஆகவே, கருவி ஒரே அளவில் கதிர்களைப் பாய்ச்சினால், 60 கிலோ மாதிரிப் பெண்ணைவிட அவருடைய உறுப்புகள் கூடுதலாகவே பெறும். புதிய கருவிகள் பலவும் உடல் பருமனுக்கேற்ப மின்னோட்டத்தைத் தாமாகக் குறைத்துக்கொள்வதால் இவ்வேறுபாடு பெரும்பாலும் சுருங்கிவிடுகிறது. வயிற்று ஸ்கேனில் கருவி காட்டும் கதிர்வீச்சு அளவோ மனித உடலுக்கே உரியதன்று, 32 செ.மீ. விட்டமுள்ள பிளாஸ்டிக் உருளையை அடிப்படையாகக் கொண்டது. உடல் அளவுக்கேற்பத் திருத்திய மதிப்பு வேண்டுமெனில், மருத்துவமனையின் கதிரியல் இயற்பியலாளரிடம் கேளுங்கள்.