இந்த வயதில் பேசிக் குணமாகுமா?

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. அம்மா போய்ப் பத்து மாதம் ஆகிறது. சரியாகச் சாப்பிடுவதில்லை, விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்கிறார். தினமும் போகிற பாடலீஸ்வரர் கோயிலுக்கும் போவதில்லை. கவுன்சிலிங் என்றால் "எனக்கென்ன பைத்தியமா?" என்கிறார். பேசினால் குணமாகுமா?
- வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: குணமாகும். இது மனச்சோர்வாக இருக்கலாம்; வயதானால் இப்படித்தான் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். முதலில் மருத்துவரிடம் காட்டி தைராய்டு, வைட்டமின் பி12 பார்த்துவிடுங்கள். அவர் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சில மாத்திரைகளே சோர்வைக் கூட்டும்.

கவுன்சிலிங், அதாவது பேச்சு சிகிச்சை என்றால் புத்தி சொல்வது என்று நினைக்கிறோம். அது இல்லை. வாரம் ஒருமுறை, முக்கால் மணி நேரம், பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம். "மனசு வந்தால் செய்வேன்" என்பார்கள். நாங்கள் முதலில் செய்யச் சொல்கிறோம். மனசு பின்னால் வரும்.

என்னிடம் வந்த ஒரு பெரியவர் மனைவி இறந்த பிறகு வீட்டில் டீ குடிப்பதையே விட்டிருந்தார். காரணத்தைச் சொல்ல அவருக்கு மூன்று வாரம் ஆனது. கை தானாக இரண்டு டம்ளர் எடுத்துவிடுகிறதாம், ஒன்றைத் திருப்பி வைக்க முடியவில்லையாம். சரி, காலை ஆறு மணிக்குத் தெருமுனைக் கடையில் டீ, அந்த வாரத்துக்கு அது மட்டும் போதும் என்று முடிவு செய்தோம். போய்வந்ததும் மனசுக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று நோட்டில் எழுதுவார். இரண்டில் தொடங்கியது, ஒரு மாதத்தில் ஐந்தைத் தொட்டது. அப்புறம்தான் மனைவியைப் பற்றி அழுது பேசினார்.

கோவாவில் மனச்சோர்வின் லேசான அறிகுறி இருந்த, 60 வயது தாண்டியவர்களுக்குப் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்களே பிரச்சினையைப் பிரித்துத் தீர்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். அப்படிக் கற்றவர்களில் அது நோயாக முற்றியவர்கள் குறைவு என்று 2019-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. சோர்வு கடுமையாக இருந்தால் மாத்திரையும் சேர்ந்தே வேண்டும்.

"நானும் போய்ச் சேர்ந்துட்டா நல்லது" என்று சொன்னால் அதட்டாதீர்கள். சாகிற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். ஆமாம் என்றால் தனியாக விடாமல் அன்றைக்கே அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி எண் 14416-ல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ போகலாம்.

அவரிடம் கவுன்சிலிங் என்ற சொல்லே வேண்டாம். "மூணு மணிக்கு முழிப்பு வருதேப்பா, அதுக்கு டாக்டரைப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள்; அது பொய்யும் இல்லை. அவருக்குக் காது மந்தமென்றால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதல்முறை கூடவே போங்கள், பத்து நிமிடத்தில் எழுந்து வெளியே வந்துவிடுங்கள். மகள் எதிரில் அவர் அழ மாட்டார்.