நோய் விட்டும் சாப்பிட மறுக்கும் குழந்தை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

குழந்தைகள் வார்டில் 22 ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் நான். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ நின்ற பிறகும் சாப்பிடாமல், கொடுத்ததை வாந்தி எடுக்கும் ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகளைப் பற்றிக் கேளுங்கள். மருந்தின் அளவை மட்டும் கேட்காதீர்கள். அதைக் குழந்தையின் எடை பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: சிஸ்டர், என் மகளுக்கு 17 மாதம். நான்கு நாள் வாந்தி, பேதி. அது நின்று ஒரு வாரம் ஆகிறது. இப்போது இரண்டு வாய் வாங்கியதும் ஓங்கரிக்கிறாள். மூன்றாவது வாய் கொடுத்தால் எல்லாம் வெளியே வந்துவிடுகிறது. 400 கிராம் எடை குறைந்துவிட்டது. எனக்குத் தூக்கமே இல்லை.

பதில்: முதலில் என் வழக்கமான கேள்வி: சிறுநீர் போகிறதா? ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது டயபர் நனைகிறது, அழுதால் கண்ணீர் வருகிறது, நடுநடுவே விளையாடுகிறாள் என்றால் இன்று இரவு நீங்கள் தூங்கலாம்.

உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். வயிற்றைத் தாக்கும் வைரஸ், குடலின் உட்புறத் தோலைச் சிதைத்துவிட்டுப் போகிறது. அது திரும்ப வளரச் சில நாட்கள் பிடிக்கும். இரைப்பையும் சில வாரங்களுக்குச் சோம்பலாகவே வேலை செய்யலாம். காலையில் கொடுத்தது இறங்காமல் இருக்கும்போது மதியம் இன்னும் கொஞ்சம் திணித்தால் அது மேலேதான் வரும். மூன்றாவது காரணத்தைப் பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை. ஓர் உணவைச் சாப்பிட்டதும் குமட்டல் வந்தால், அந்த உணவே குற்றவாளி என்று மூளை குறித்து வைத்துக்கொள்ளும். ஒரே ஒரு தடவை போதும். பெரியவர்களுக்கும் இப்படி நடக்கும். உங்கள் மகளால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை, அதனால் தலையைத் திருப்புகிறாள்.

ஆகவே இப்படிச் செய்து பாருங்கள். நோயின்போது கொடுத்த உணவைப் பத்து நாட்களுக்குத் தள்ளி வையுங்கள். இரண்டரை, மூன்று மணி நேர இடைவெளியில் வீட்டில் வழக்கமாக உண்பதையே இரண்டு மூன்று கரண்டி மட்டும் தட்டில் வையுங்கள். அவள் கையாலேயே எடுக்கட்டும், கீழே சிந்தட்டும். 20 நிமிடம் கழித்து முகத்தில் எதையும் காட்டாமல் தட்டை எடுத்துவிடுங்கள். நடுவில் பாலோ பழச்சாறோ வேண்டாம், தண்ணீர் கொடுக்கலாம். இரண்டு வாய் போதும் என்றால் இரண்டு வாயோடு நிறுத்துங்கள். அந்த மூன்றாவது வாய்தான் வாந்தியைக் கொண்டுவருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

பசி திரும்பியதும் இரண்டு வாரத்துக்கு நாளொன்றுக்கு ஒரு வேளை கூடுதலாகக் கொடுங்கள். இழந்த எடையைக் குழந்தைகள் வேகமாகப் பிடித்துவிடுவார்கள். ஆனாலும் நோய் நின்று ஒரு வாரமாகியும் தினமும் வாந்தி இருப்பதால், இரண்டு நாளுக்குள் மருத்துவரிடம் ஒருமுறை காட்டி எடை பாருங்கள். வாய்ப்புண், மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றுமே வெளியே தெரியாமல் பசியைக் கெடுக்கும்.

கேள்வி: ஓஆர்எஸ் (பாக்கெட்டில் வரும் உப்பு-சர்க்கரைக் கரைசல்) கொடுத்தால் அதையும் வாந்தி எடுக்கிறான். நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள், வேகத்தைக் குறையுங்கள். வாந்தி எடுத்ததும் பத்து நிமிடம் பொறுங்கள். பிறகு இரண்டு நிமிடத்துக்கு ஒரு சிறு கரண்டி, அதாவது 5 மில்லி. கணக்குப் போட்டால் ஒரு மணி நேரத்தில் 150 மில்லி உள்ளே போயிருக்கும். தாகத்தில் டம்ளரைப் பிடுங்கிக் குடிக்கவிட்டால் அத்தனையும் திரும்பி வரும்.

பாக்கெட்டைப் பாதி பாதியாகக் கலக்காதீர்கள். உறையில் எவ்வளவு நீர் என்று போட்டிருக்கிறதோ அவ்வளவு நீரில் முழுப் பாக்கெட்டையும் கலக்க வேண்டும். குடலில் சர்க்கரையும் உப்பும் கைகோத்துத்தான் உள்ளே போகும், அவற்றின் பின்னால் தண்ணீர் போகும். அந்த விகிதம் கெட்டால் பயன் போய்விடும். கெட்டியாகக் கலந்தால் கெடுதலே நேரும். உலக சுகாதார நிறுவனம் 2002இல் இந்தக் கலவையை மாற்றி உப்பையும் சர்க்கரையையும் குறைத்தது, அதனால் வாந்தியும் குறைந்தது. 1971 வங்கதேசப் போர்க்கால அகதிகள் முகாமில் நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மகலநபிஸ் இத்தகைய கரைசலைக் குடிக்கக் கொடுத்துத்தான் காலரா நோயாளிகள் ஏராளமானவர்களைக் காப்பாற்றினார். பக்கத்தில் உட்கார்ந்து கரண்டியால் புகட்டியவர்கள் பெரும்பாலும் வீட்டு மனிதர்கள். நீங்களும் உட்காருங்கள், பலன் தெரியும்.

கேள்வி: இரண்டு வயது. பசி எடுக்க நல்ல டானிக் ஒன்று சொல்லுங்கள்.

பதில்: கிடையாது. பசியைத் தூண்டக் கொடுக்கும் சில மருந்துகள் தூக்கத்தையும் சேர்த்துக் கொண்டுவரும். நோய்க்குப் பின் பசி தானாகத் திரும்ப ஒன்றிரண்டு வாரம் விடுங்கள்.

கேள்வி: காலையிலிருந்து மூன்று முறை வாந்தி. கடைசியாக வந்தது கரும்பச்சையாக இருந்தது. வயிறு உப்பலாக இருக்கிறது.

பதில்: இப்போதே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். பச்சை வாந்தி குடல் அடைப்பாக இருக்கலாம். வழியில் எதுவும் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: சோறு தொடுவதில்லை, ஆனால் பால் மட்டும் ஒரு லிட்டர் குடிக்கிறான். அதுவாவது போகிறதே என்று விட்டுவிட்டோம்.

பதில்: பால்தான் பசியை அடைக்கிறது. ஒரு வயதுக்கு மேல் நாளுக்கு அரை லிட்டர் தாண்ட வேண்டாம். அதிகமானால் இரும்புச்சத்து குறையும், இரும்பு குறைந்தால் பசி இன்னும் குறையும். பாட்டிலை விட்டு டம்ளருக்கு மாற்றுங்கள், உணவுக்குப் பிறகு கொடுங்கள். பால் குடித்ததும் வயிறு உப்பிப் புளித்த வாடையோடு பேதி போனால், குடல் பாலின் சர்க்கரையைச் செரிக்க இன்னும் தயாராகவில்லை. அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். தாய்ப்பாலை மட்டும் எதற்காகவும் நிறுத்தாதீர்கள்.

கேள்வி: நான் நான்கு பேரப்பிள்ளைகள் பார்த்தவன் அம்மா. குழந்தை இஷ்டத்துக்கு விட்டால் எலும்பும் தோலுமாகிவிடும். மடியில் போட்டு இரண்டு அதட்டல் போட்டுத்தான் எல்லாரையும் வளர்த்தோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பதில்: ஐயா, உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் மடியில் மல்லாக்கப் போட்டு ஊட்டி, புரையேறி, மூச்சுத் திணறி வந்த குழந்தைகளை வார்டில் என் கையால் தூக்கியிருக்கிறேன். அழுகிற குழந்தையின் வாயில் உணவு வைக்கவே கூடாது. அழும்போது இழுக்கும் மூச்சோடு உணவும் மூச்சுக்குழாய்க்குப் போகும். அதுபோக, கரண்டியைப் பார்த்தாலே ஓங்கரிக்கும் பழக்கம் இப்படித்தான் பிடிக்கிறது. ஒரு வார மந்தம் ஆறு மாதப் போராட்டமாக மாறிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

இளம் தகப்பன் ஒருவர்: சிஸ்டர் சொல்வது சரி ஐயா. கிளாரா டேவிஸ் என்ற மருத்துவர் அமெரிக்காவில் 15 குழந்தைகளுக்கு 34 வகை உணவிலிருந்து வேளைக்குச் சிலவற்றை முன்னால் வைத்து, எதை வேண்டுமானாலும் சாப்பிட விட்டிருக்கிறார். எல்லாரும் நன்றாக வளர்ந்தார்கள். குழந்தைக்கே எல்லாம் தெரியும்!

பெரியவர்: அப்படியானால் என் கடைசிப் பேரன் பிஸ்கட்டும் மிட்டாயும் மட்டும் தின்கிறானே, அவனுக்கும் எல்லாம் தெரியுமா?

பதில்: ஐயா கேட்டது சரியான கேள்வி, தம்பி. அந்த 34 வகையில் மிட்டாய் இல்லை, பிஸ்கட் இல்லை, சர்க்கரையும் இல்லை. இறைச்சி, முட்டை, தானியம், காய், பழம், பால் என்று எளிய உணவுகள் மட்டுமே. பட்டியலைப் பெரியவர்கள் போட்டார்கள், அளவைக் குழந்தைகள் முடிவு செய்தார்கள். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த ஆய்வு முழுமை. எனக்கு அதில் மிகவும் பிடித்தது செவிலியர்களுக்குத் தந்த உத்தரவு: கரண்டியோடு சும்மா உட்கார்ந்திரு, குழந்தை கைநீட்டிக் காட்டும்வரை அசையாதே. அப்படி உட்காருவது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும்.

ஐயா, வீட்டில் என்ன உணவு, எத்தனை மணிக்கு என்பதை நீங்கள் கண்டிப்பாகத் தீர்மானியுங்கள். அதில் உங்கள் அதட்டல் எனக்குச் சம்மதம். எத்தனை வாய் என்பதை மட்டும் பேரனிடம் விடுங்கள்.

பெரியவர்: பிஸ்கட் டப்பாவை மேலே ஏற்றிவிடுகிறேன். ஆனால் பட்டினியாகப் படுக்க விடமாட்டேன்.

பதில்: டப்பாவை இன்றே ஏற்றுங்கள். படுக்கும் முன் உணவு முன்னால் இருக்கட்டும், வாயில் திணிக்க மட்டும் வேண்டாம்.

கேள்வி: என் மகனுக்கு 20 மாதம், பசி மருந்து ஏதாவது...

பதில்: மேலே சொல்லிவிட்டேன். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: முதல் ஆண்டில் எடை மும்மடங்காகும், இரண்டாம் ஆண்டில் சுமார் இரண்டு, இரண்டரை கிலோதான் கூடும். ஆக, பசி குறைவது இந்த வயதின் இயல்பும்கூட.

கேள்வி: சளிக் காய்ச்சல் போய்விட்டது. இரவில் இருமி இருமிக் கடைசியில் வாந்தி எடுக்கிறாள்.

பதில்: மூக்கின் பின்வழியாகச் சளி தொண்டையில் இறங்குகிறது, இருமல் அதை வாந்தியாகத் தள்ளுகிறது. தூங்கும் முன் மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விடுங்கள், கடைசி உணவைத் தூங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே முடியுங்கள். மூச்சு வேகமாக வாங்கினாலோ விலாவுக்கு நடுவில் குழி விழுந்தாலோ காத்திருக்காதீர்கள்.

கேள்வி: மூன்று வயது. இரண்டு வாரமாகக் காலை எழுந்ததும் வாந்தி, பிறகு சரியாகிவிடுகிறான். நடையில் கொஞ்சம் தள்ளாட்டம்.

பதில்: இதை நோய்க்குப் பிந்தைய மந்தம் என்று வைத்துக்கொள்ளக் கூடாது. இன்றே மருத்துவரிடம் போய், தள்ளாட்டத்தை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: பசிக்கு சிரப்...

பதில்: மேலே இரண்டு முறை இருக்கிறது. படியுங்கள்.

கேள்வி: திடீரென்று எதையும் விழுங்க மறுக்கிறான், எச்சில் ஒழுகுகிறது. போன வாரம்தான் காய்ச்சல் விட்டது. ரிமோட்டில் இருந்த பட்டன் பேட்டரியைக் காணோம்.

பதில்: உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுங்கள், ஒரு நிமிடமும் யோசிக்காதீர்கள். உணவுக்குழாயில் சிக்கிய பேட்டரி இரண்டு மணி நேரத்தில் உள்ளே அரித்துவிடும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உள்ளே நுழைந்ததும் பேட்டரி என்ற வார்த்தையைத்தான் முதலில் சொல்லுங்கள்.

கேள்வி: பேதி நின்றுவிட்டது. மருத்துவர் 14 நாள் துத்தநாகம் (ஜிங்க்) எழுதியிருந்தார், ஐந்து நாள் கொடுத்தோம். நிறுத்தலாமா?

பதில்: வேண்டாம், 14 நாளையும் முடியுங்கள். குடல் ஆறவும், பேதி சீக்கிரம் திரும்பாமல் இருக்கவும்தான் அது. கொடுத்த பத்து நிமிடத்தில் வாந்தி எடுத்தால், மறுபடி கொடுப்பதா என்று அவரிடமே கேளுங்கள். சிறுநீர் சரியாகப் போகிறதா?

கேள்வி கேட்டவர்: போகிறது சிஸ்டர். இப்போதுதான் டயபர் மாற்றினேன்.