பிள்ளைகள் நடத்தும் சேவைப் பணி: கேள்வி பதில்

பதின்ம வயதினர் தாங்களே தொடங்கி நடத்தும் சேவைப் பணிகளுக்குப் பெரியவர்கள் எப்படித் துணை நிற்பது என்பது பற்றி வந்த கேள்விகள்.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. தோழிகளோடு சேர்ந்து முதியவர்களுக்குக் கைப்பேசி சொல்லிக்கொடுக்க ஆசைப்படுகிறாள். நான் எதிலிருந்து தொடங்கட்டும்?

பதில்: அவள் தொடங்கிவிட்டாள் அம்மா. அவளால் முடியாததை மட்டும் நீங்கள் செய்யுங்கள்: இடத்துக்கு அனுமதி, மற்றப் பெற்றோரின் சம்மதம், வகுப்பு நடக்கும்போது பொறுப்பான பெரியவர்கள் இரண்டு பேர். பாடம் எடுக்கும் முன் முதியவர்களிடம் போய் என்ன வேண்டும் என்று பிள்ளைகளே கேட்கட்டும். இவர்கள் வீடியோ அழைப்பு என்று நினைத்திருப்பார்கள். அவர்களுக்கோ எழுத்தைப் பெரிதாக்கவும் மோசடி அழைப்பை அடையாளம் காணவும் தெரிந்தால் போதும் என்றிருக்கலாம். யார் வீட்டுக்கும் பிள்ளைகள் தனியாகப் போகக்கூடாது. கடவுச்சொல், வங்கிச் செயலி, ஓடிபி எதையும் பிள்ளைகள் தொடவே கூடாது. முதியவரே தம் கையால் தட்டிப் பழகட்டும். ஆறு வாரம் என்று முடிவுநாள் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, எல்லோருக்குமாகச் சொல்கிறேன்: கூட்டக் குறிப்பு நோட்டு பெரியவர் கையில் இருக்கக்கூடாது. எழுதுபவர்தான் எது முடிவானது என்று தீர்மானிக்கிறார்.

கேள்வி: எங்கள் குழுவுக்கு நல்ல திட்டம் ஒன்று சொல்லுங்கள்.

பதில்: பிள்ளைகளோடு தெருவில் ஒரு சுற்று நடந்து, அவர்களை உறுத்துவது என்ன என்று கேளுங்கள்.

கேள்வி: சான்றிதழ் கொடுக்கலாமா?

பதில்: கொடுங்கள். ‘கலந்துகொண்டார்’ என்று எழுதாமல், என்ன செய்தார் என்று எழுதுங்கள்.

கேள்வி: நான் ஆசிரியர். எங்கள் மன்றம் மாணவர்களே நடத்துவது என்கிறோம். அது உண்மைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: குழந்தைகள் பற்றிய ஆய்வாளர் ரோஜர் ஹார்ட் 1992இல் யூனிசெஃபுக்காக எழுதியபோது, குழந்தைகளின் பங்கேற்பை 8 படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். கீழ் மூன்று படிகள் பங்கேற்பே அல்ல என்றார்: பெரியவரின் நோக்கத்துக்குப் பிள்ளைகளைப் பயன்படுத்துவது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பெயரளவுக்குப் பேசவைப்பது. உங்கள் மன்றத்துக்கு நான் வைக்கும் சோதனை இது: ஆசிரியர்கள் விரும்பிய ஒன்றை மாணவர்கள் வேண்டாமென்று சொல்லி, அது உண்மையிலேயே நின்றிருக்கிறதா? குறிப்பு நோட்டில் யாருடைய கையெழுத்து இருக்கிறது என்றும் பாருங்கள்.

கேள்வி: அந்த ஏணியே தலைகீழ். பிள்ளைகள் தாங்களே நடத்துவது 7ஆம் படி. பெரியவரோடு சேர்ந்து முடிவெடுப்பது 8ஆம் படி. பெரியவர் வந்ததும் படி உயருமா?

பதில்: நல்ல சண்டைக்கு அழைக்கிறீர்கள்! இரண்டு படியிலும் தொடங்குபவர்கள் பிள்ளைகளே. 8ஆம் படியில் பெரியவர் தானாக நுழைவதில்லை. தங்கள் பணிக்குள் அவரை அழைக்கும் தெம்பு பிள்ளைகளுக்கு இருக்கிறது. அந்தத் தெம்பைத்தான் நான் உயரம் என்கிறேன். எப்போதும் உச்சியில் நிற்க வேண்டும் என்று ஹார்ட்டும் சொல்லவில்லை. தேர்ந்தெடுக்கும் உரிமைதான் முக்கியம் என்றார். 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவும் குழந்தையின் கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்புக் கொடுக்கச் சொல்கிறது. பெரியவர் ஒதுங்கிப் போய்விட வேண்டும் என்று சொல்லவில்லை.

கேள்வி (அதே வாசகர்): அழைக்கப்பட்ட பெரியவர் ஒரே மாதத்தில் தலைவராகிவிடுகிறாரே?

பதில்: ஆம், அந்த ஆபத்து உண்மை. அதனால்தான் நிகழ்ச்சி நிரலும் நோட்டும் பிள்ளைகளிடம் இருக்கட்டும் என்கிறேன். பெரியவர் கடைசியில் பேசட்டும். அதுவும் கேட்டால் மட்டும்.

கேள்வி (இன்னொருவர்): அப்படியானால் தோற்கும் என்று தெரிந்தும் விட்டுவிடுவதா?

பதில்: உடலுக்கு ஆபத்து, அடுத்தவர் பணம், சட்டமீறல், யாரையும் அவமானப்படுத்துவது: இந்த நான்கில் உடனே குறுக்கிடுங்கள். சுவரொட்டியில் எழுத்துப்பிழை, கூட்டத்துக்கு ஐந்தே பேர் வருவது போன்றவற்றை விட்டுவிடுங்கள். மறுநாள் அருகில் உட்கார்ந்து, “அடுத்த முறை எதை மாற்றுவீர்கள்?” என்று கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள். அந்த மௌனத்தை நீங்களே நிரப்பிவிடாதீர்கள்.

கேள்வி: செய்ய எளிதான திட்டம் ஏதாவது?

பதில்: இரண்டாவது கேள்வியின் பதிலைப் படியுங்கள். திட்டம் கேட்டு இன்னும் பலர் எழுதியிருக்கிறீர்கள். நான் கொடுத்தால் அது என் திட்டமாகிவிடும்.

கேள்வி: நன்கொடைப் பணத்துக்கு வங்கிக் கணக்கு தொடங்கலாமா?

பதில்: அது வங்கியில் கேட்க வேண்டிய கேள்வி. எங்கே வைத்தாலும் வரவு செலவை இரண்டு பேர் சரிபார்க்கட்டும். அதில் ஒருவர் பிள்ளைகளில் ஒருவராக இருக்கட்டும்.

கேள்வி: எனக்கு 16 வயது. எந்தப் பெரியவரும் ஒத்துழைக்கவில்லை.

பதில்: தம்பி, ‘ஆதரவு கொடுங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியாது. என்ன பணி, எங்கே, எப்போது, யார் யார் என்று ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு உதவி கேளுங்கள்: ஒருவரிடம் சனிக்கிழமை இரண்டு மணி நேரத்துக்கு அறையின் சாவி, இன்னொருவரிடம் அந்த நேரத்துக்குக் கூட இருப்பது. மறுத்தால் காரணத்தைக் கேட்டு நோட்டில் எழுதுங்கள். அடுத்தவரிடம் போகும்போது அதற்கான பதிலையும் எடுத்துக்கொண்டு போங்கள்.